முப்பதாவது கால்

உக்கடத்தில் ஏறியதும் ஜன்னலோரம் கிடைத்துவிட்டது, நல்லதாகப் போயிற்று, பையை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம், மேலே கம்பியில் வைத்தால் உடுமலை வரைக்கும் என் மனசும் மேலேயே தொங்கிக்கொண்டு வரும். பைக்குள் தண்ணீர் பாட்டில், குடை, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் கருப்பு நுரை, நுரைக்குள் முப்பத்திரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு படுத்திருக்கிறது ஒரு மெமரி சிப், சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இதைக் கொண்டுபோய் உடுமலைப் பக்கம் கோழி வளர்க்கிற மயிலாத்தாள் அக்காவின் குஞ்சு பொரிக்கும் மிஷினில், கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருக வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. "மாத்திப்போட்டு அடுத்த பஸ்சு ஏறிருங்க மேடம். எதுக்கு மாத்துனோம், என்னத்துக்கு மாத்துனோம்னு அவங்களுக்குக் கதை வேண்டாங்" என்று காலையில் சொன்னார் குழந்தைவேலு. எங்கள் முதலாளி. கணபதியில் மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறை, ஏழு பேர், அதுதான் கம்பெனி. முட்டைப் பெட்டிகளுக்கு மூளை செய்து கொடுக்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அந்த மூளையை வரைகிறவள் நான். இசக்கியம்மாள், வயது நாற்பத்தாறு, இருபது வருஷமாக அதே நாற்காலி. வரைந்ததில் ஒரு தப்பு. ஒரே ஒரு கால். அந்தக் காலைப் பற்றி அக்காவிடம் சொல்லவா, சொல்லாமல் திரும்பிவிடவா என்பதுதான் இந்த இரண்டு மணி நேரத்துக்கு என் வேலை. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார், எந்த ஊர் என்று சட்டென்று வாயில் வரவில்லை.

பழைய சிப் இனிமேல் வராது, செய்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்று மார்ச் மாதம் சொல்லிவிட்டுக் கூடவே இன்னொன்றை நீட்டினார் குழந்தைவேலு. அதே உருவம், அதே முப்பத்திரண்டு கால், கொள்ளளவு மட்டும் இரண்டு மடங்கு. "பெரிசுதானுங், சின்னது செய்யறதப் பெரிசு செய்யாதா?" செய்யும், அதில் என்ன சந்தேகம். சிப் என்பது ஒரு லாட்ஜ் மாதிரி, வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது, ஹீட்டரைப் போடு, ஹீட்டரை அணை, முட்டைத் தட்டைச் சாய். பிராசஸர் அங்கே வேலையாள். ஒரு அறைக்குப் போகும், எழுதியிருப்பதைப் படிக்கும், செய்யும், அடுத்த அறைக்குப் போகும். எந்த அறை என்று சொல்வது கால்கள். பழைய லாட்ஜுக்கு ஒரே தளம். புதியதற்கு மாடி உண்டு, கீழே எத்தனை அறையோ மாடியிலும் அத்தனை. கீழா மாடியா என்று சொல்ல ஒரு கால் கூடுதலாக வேண்டுமே, அதுதான் முப்பதாவது கால். பழையதில் அதற்கு வேலை இல்லை, உருவத்துக்காகச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் வரைந்த படத்தில் அதன் பக்கத்தில் என் கையெழுத்திலேயே 'வேலை இல்லை' என்று குறித்திருக்கிறேன். புதியதை ஒப்பிடும்போது ஒவ்வொரு காலாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன், இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பதில் என் எழுத்தைப் பார்த்தேன், வேறு யாராவது எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், என் எழுத்து என்பதால் நம்பித் தாண்டிப் போய்விட்டேன். ஒரு துண்டு வயரில் அதை கிரவுண்டோடு சேர்த்துக் கட்டியிருந்தால் போதும், எப்போதும் கீழே, கீழே மட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். கட்டவில்லை. அது அந்தரத்தில் நிற்கிறது. காற்றின் ஈரத்தைப் பொறுத்து, பக்கத்தில் ஓடுகிற மோட்டாரைப் பொறுத்து, ஒரு சமயம் கீழே என்கிறது, ஒரு சமயம் மாடி என்கிறது. மாடியில் நான் ஒன்றுமே எழுதவில்லை.

பஸ் இன்னும் ஊரை விட்டு வெளியே வரவில்லை, சுந்தராபுரம் சிக்னலில் நிற்கிறது, வெயில் முழங்கையில் விழுகிறது, சுடவில்லை, யாரோ உள்ளங்கையை வைத்தது போல இருக்கிறது. டெஸ்ட் பண்ணாமல் அனுப்பினேனா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். புது சிப்பைச் செருகிய போர்டை மூன்று நாள் ஓடவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. எப்படி நிற்கும்? என் மேஜை மேலே ஒரு நீல ரப்பர் விரிப்பு இருக்கிறது, உடம்பில் இருக்கிற மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்று விரிப்பது, அதன் ஓரத்திலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகிறது. அந்த விரிப்பு விஷயத்தில் நான் ரொம்பக் கறார். விரிப்பில் வைக்காமல் யார் போர்டைத் தொட்டாலும் வள்ளென்று விழுவேன், "மேடத்துக்கு அது பூசை மேடை" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள், தெரியும். அந்த விரிப்பு ரொம்பக் கொஞ்சமாக மின்சாரத்தைக் கடத்தும். போர்டை அதன்மேல் வைக்கிறேன், அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற முப்பதாவது காலின் முனை விரிப்பைத் தொடுகிறது, விரிப்பு அதை எர்த்துக்கு இழுத்துக்கொள்கிறது, நான் கட்ட மறந்த வயரை விரிப்பு கட்டிவிடுகிறது. என் ஒழுங்கே என் தப்பை மூடி வைத்திருக்கிறது. நேற்று மத்தியானம் காபி கொட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது. காபி கொட்டியது, விரிப்பைத் துடைக்க எடுத்தேன், அதே மாதிரி இன்னொரு போர்டு ஓடிக்கொண்டிருந்தது, அதை என் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் பழைய நியூஸ்பேப்பர் கட்டின்மேல் வைத்தேன், சூட்டைக் காட்டுகிற எண் நின்றுபோனது. முப்பத்தேழு புள்ளி ஐந்து. அப்படியே உறைந்துபோய் நிற்கிறது. விரிப்பைக் காயவைத்துத் திரும்ப அதன்மேல் வைத்தேன், ஓடியது. பேப்பர் மேல் வைத்தேன், நின்றது. நாலு தடவை. ஐந்தாவது தடவை வைக்க எனக்குத் தைரியம் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், காபி வாசனை இன்னும் விரலில் இருந்தது.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டினால் காற்று மாறும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, கண்ணை மூடச் சொல்லும் காற்று. மூடுகிறேன். எழுதாத இடத்தில் பூஜ்யம்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. எழுதாத சிப்பில் எல்லா இடத்திலும் ஒன்று. ஒன்று, ஒன்று, ஒன்று, அறைக்கு எட்டு ஒன்று. எங்கள் பழைய பிராசஸருக்கு அந்த எட்டு ஒன்றும்கூட ஒரு கட்டளைதான், கையில் இருப்பதைப் பக்கத்துப் பெட்டியில் ஒரு பிரதி எடுத்து வை என்று அர்த்தம். தற்செயலாக அமைந்த அர்த்தம், ஆனால் எவ்வளவு சாது. மாடிக்கு ஏறிவிட்ட வேலையாள் முதல் அறையைத் திறக்கிறான், வெள்ளையடித்த சுவர், கட்டில் இல்லை, ஜன்னல் இல்லை, பிரதி எடுத்து வை, வைக்கிறான், அடுத்த அறை, அதே வெள்ளை, வை, வைக்கிறான், அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் அறை, கடைசி அறைக்கு அப்புறம் மறுபடி முதல் அறை, அவனுக்கு அலுப்பு இல்லை, அவசரம் இல்லை, கேள்வி இல்லை. அவன் இல்லை, நான்தான் நடக்கிறேன், செருப்பில்லாமல், தரை குளுகுளுவென்று இருக்கிறது, கீழே எங்கேயோ ஃபேன் ஓடுகிற சத்தம், கீழே எங்கேயோ ஒரு ஹீட்டர் போட்டது போட்டபடி கிடக்கிறது, யாரோ அணைக்க வேண்டும், நான்தான் அணைக்க வேண்டும், அந்த வரி கீழ்த்தளத்தில் இருக்கிறது, படிக்கட்டு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாதது வருத்தமாகவும் இல்லை, எவ்வளவு நிம்மதியான இடம் இது, கையில் இருப்பதைப் பக்கத்தில் வை, வைத்தேன், சூடு ஏறுகிறது, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, சூடு ஏறினால் மணி அடிக்க வேண்டும், மணி அடிக்கச் சொல்கிற வரியும் கீழேதான் இருக்கிறது. பிரேக் போட்டார்கள். முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடித்தது. கிணத்துக்கடவு. குன்றின் மேலே கோயில், வெயிலில் படிகள் வெள்ளை வெளேரென்று ஏறிப் போகின்றன. 

மணி அடிக்கவில்லை என்றுதான் அக்காவும் முதலில் சொன்னாள். அவள் மிஷினில் அந்தப் போர்டு மாட்டிய நாலாம் நாள் போன் வந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பல்லிடுக்கில் கடலை மிட்டாய் சிக்கியிருந்தது, நாக்கால் துழாவிக்கொண்டே பேசினேன். "அம்மணி, ஒண்ணு சொல்லுவேன், சிரிக்கப்படாதுங். மணியும் அடிக்காம மிஷினு அப்பப்ப நின்னுபோகுதுங். நின்னுச்சுன்னா அந்தப் பொட்டி மேல கைய வச்சனா எந்திரிச்சுக்குதுங். கைய எடுத்தா கொஞ்ச நேரங் கழிச்சு மறுக்காப் படுத்துக்குது." நான் சிரித்தேன். சிரிக்கப்படாது என்று அவள் சொன்ன பிறகும் சிரித்தேன். "ஏன்க்கா, மிஷின் என்ன மாடா, தடவிக்குடுத்தா எந்திரிச்சு நடக்க?" என்றேன். அவளும் கூடச் சிரித்தாள், அசட்டுச் சிரிப்பு, தோற்றுப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு. கையை வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது. பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளையிடம் இதைச் சொன்னால், எங்கேயோ ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது, மனுஷக் கை பக்கத்தில் வந்தால் அடங்குகிறது என்று தூக்கத்தில்கூடச் சொல்லும். இதையே ஓர் இன்ஜினியர் போன் பண்ணிச் சொல்லியிருந்தால் நான் பேனாவை எடுத்திருப்பேன். கோழி வளர்க்கிற பொம்பளை சொன்னாள், நான் கடலை மிட்டாயைத் துழாவினேன். அவள் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள், நாலாம் நாளே சொல்லிவிட்டாள், இனி எவ்வளவு யோசித்தாலும் நான் இங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறேன், வேறு எந்தப் பக்கம் யோசனையைத் திருப்பினாலும் இந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறது.

எண்ணூறு முட்டை. பதினேழாம் நாள். மறுநாள் வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும், மூன்று நாள் கழித்தால் ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வந்துவிடும், உள்ளே எல்லாம் ஆகிவிட்டிருக்கும், இறகு, அலகு, கண், அலகு நுனியில் ஓடு உடைக்க ஒரு சின்ன முள். அன்றைக்கு ஹீட்டர் போட்டபடியே மிஷின் நின்றுவிட்டது. மாடு என்று நான் கேலி பண்ணியதிலிருந்து கை வைக்க வெட்கப்பட்டு அவள் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டிருந்தாள், அதையும் பிறகு அவளே சொன்னாள். "அத்தனையும் உள்ளுக்குள்ளயே போயிருச்சுங் அம்மணி." போர்டை அனுப்பச் சொன்னேன், வந்தது, எதன்மேல் வைத்தேன்? நீல விரிப்பின்மேல். இரண்டு நாள் ராப்பகலாக ஓடியது, ஒரு சின்னப் பிசகு இல்லை. அப்புறம் ரிப்போர்ட் எழுதினேன். போர்டில் குறை எதுவும் இல்லை. இயக்கியவரின் தவறு. கீழே கையெழுத்து, சீல். போனிலும் சொன்னேன், "எதையோ அமுக்கிட்டீங்கக்கா."  "அப்படித்தான் இருக்குமுங், நாந்தான் எதையோ அமுக்கிட்டேன் போல" என்றாள். நடக்காத ஒன்றை ஒப்புக்கொண்டாள். நான் சொன்னதால் ஒப்புக்கொண்டாள். அவள் புருஷன் தவறிப்போய் நாலு வருஷம், கொழுந்தனார் ஆறுச்சாமி அந்த ரிப்போர்ட் போன அன்றையிலிருந்து மிஷின் அறையின் சாவியை வாங்கிக்கொண்டு அவரே பார்த்துக்கொள்கிறார். முந்தாநாள் மறுபடி போன். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "மறுக்கா நின்னுபோச்சுங். புது முட்டை. அவரு பாத்து ஹீட்டர அணைச்சுட்டாரு. நான் தொடலீங்க அம்மணி. அந்த ரூமுக்குள்ளயே போறதில்லீங்க. சத்தியமா நான் தொடலீங்க." நான் எதுவுமே கேட்கவில்லை, அவளாகச் சத்தியம் செய்கிறாள்.

ரிப்போர்ட்டில் நான் எழுதிய அந்த வார்த்தை என்மேலும் ஒரு தடவை விழுந்திருக்கிறது, அதை நான் மறந்தது போல நடித்துக்கொண்டிருக்கிறேன். கிண்டியில் முதல் வேலை, இருபத்துமூன்று வயது, நான் ஸ்விட்சைப் போட்ட நிமிஷத்தில் ஒரு மீட்டர் புகைந்துபோனது. ரெஜிஸ்டரில் எழுதினார்கள், 'இயக்கியவரின் தவறு', பக்கத்தில் என் பெயர். சுவரில் இருந்த பிளக்கிலேயே வயரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள் என்று ஆறு மாதம் கழித்து எலக்ட்ரீஷியன் சொன்னார், எல்லோரும் அப்படியா என்றார்கள், டீ குடித்தார்கள், ரெஜிஸ்டரை யாரும் திருத்தவில்லை. அந்த ஆறு மாதமும் எந்த ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னாலும் பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். கோயில்பட்டிக்கு லீவில் போனால் வீட்டில் லைட் போடவும் அம்மா முகத்தைப் பார்ப்பேன். எனக்கு நடந்ததை நான் இன்னொருத்திக்குச் செய்ய மாட்டேன் என்று நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை, அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை, ஆனால் செய்ய மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இரண்டு சொல்லையும் எழுதும்போது பேனா கொஞ்சமாவது தயங்கியிருக்க வேண்டாமா? தயங்கவில்லை. சரளமாக எழுதியது. என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில் தூங்குகிற குழந்தையின் தலை ஒவ்வொரு வளைவிலும் என் கைமேல் வந்து விழுகிறது, கனமான, வியர்த்த, நம்பிக்கையான தலை, நான் கையை அசைக்காமல் வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கும் என்றார்கள், குழந்தையும் அம்மாவும் இறங்கிப் போனார்கள், கையில் ஈரம் மட்டும் காய்கிறது. போன் அடித்தது. குழந்தைவேலு. "எங்க வந்திருக்கீங்க மேடம்?" பொள்ளாச்சி என்றேன். "இதே போர்டு போன மத்த அஞ்சு எடத்துக்கும் சிப்பு எழுதி அனுப்பியாச்சுங். நாளைக்கு எல்லாம் மாத்திருவாங்க. நீங்க சொன்ன யோசனை நல்ல யோசனைங்." என் யோசனைதான். மாடியிலும் கீழே இருப்பதையே அச்சாக எழுதிவிட்டால் போதும், கால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வேலையாள் ஒரே வரியைத்தான் படிப்பான், வயர் வேண்டாம், சால்டரிங் வேண்டாம், சிப்பை மட்டும் மாற்றினால் யாருக்கும் எதுவும் தெரியாது. ராத்திரி அது தோன்றியபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "அவங்க கிட்ட நெசத்தச் சொல்லிடலாம்னு பாக்கேன் சார்" என்றேன். அந்தப் பக்கம் மாவு மில் சத்தத்திலிருந்து விலகி வந்து பேசினார். "மேடம், நான் கெட்டவன் இல்லீங். உங்களுக்கே தெரியும். ஒருத்தர்கிட்ட சொன்னா உடுமலை பூரா பேசும். அப்புறம் நம்ம பொட்டிய எவன் வாங்குவான்? ஏழு வீட்டுல ஒலை கொதிக்கோணுமுங்." அவரே தொடர்ந்தார். "சொல்லித்தான் தீருவேன்னா, வேற எடம் பாத்துக்கிட்டுச் சொல்லுங்க. நான் கோவத்துல சொல்லலீங்." கோபம் இல்லாமல்தான் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன். நாற்பத்தாறு வயதில் வேறு நாற்காலி எங்கே இருக்கிறது, இந்தப் பழைய பிராசஸரைத் தவிர எனக்கு என்ன தெரியும், புதுப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் மியூசியத்தில் வைக்கச் சொல்வார்கள்.

பஸ் கிளம்பிவிட்டது, தென்னந்தோப்பு, தென்னந்தோப்பு, ஒரு செங்கல் சூளை, மறுபடி தென்னந்தோப்பு, நிழலும் வெயிலும் மாறி மாறி மடியில் விழுகின்றன, நிழல், வெயில், கீழே, மாடி. சொல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? மிஷின் ஓடும். இந்த முட்டை பொரியும். அடுத்ததும் பொரியும். ஆறுச்சாமி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். மயிலாத்தாள் அக்கா அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்து தீவனம் புடைப்பாள், தன் கை எதையோ அமுக்கிவிட்டது என்று சாகும்வரை நம்புவாள். எந்தப் பொத்தானை என்று யோசித்துப் பார்ப்பாளா? ராத்திரி படுத்துக்கொண்டு, பச்சைப் பொத்தானா, சிவப்பா, துடைக்கும்போது துணி பட்டதா என்று? பார்ப்பாள். நான் ஆறு மாதம் பார்த்தேன். அதற்கு முடிவே கிடையாது, நடக்காத ஒன்றைத் தேடினால் எப்படிக் கிடைக்கும், எல்லா அறையும் வெள்ளை. சொல்லிவிட்டால்? எண்ணூறு உயிரை நீ சாகடித்தாயா என்று கேட்பாள். கேட்கட்டும். மண்ணை வாரித் தூற்றுவாள். தூற்றட்டும். ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே நின்றால்? அதுதான் தாங்காது. வரிகளை ஒத்திகை பார்க்கிறேன், அக்கா ஒரு சின்னப் பிசகு, இல்லை, அக்கா கம்பெனியில ஒரு தப்பு, இல்லை, அதில் நான் எங்கே, அக்கா நான், அக்கா நான்தான், அதற்குமேல் வாக்கியம் போகமாட்டேன் என்கிறது. கோமங்கலம் தாண்டியதும் தூரத்தில் காற்றாலைகள், நிறைய நிற்கின்றன, எல்லாம் மெதுவாகச் சுற்றுகின்றன, ஒன்று மட்டும் சுற்றவில்லை, ஏன் சுற்றவில்லை என்று அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் என் நிறுத்தத்தைக் கண்டக்டர்தான் சொல்லி இறக்கிவிட்டார்.

தோப்புக்குள் கால் மைல். கோழிகள் வழிவிட மாட்டேன் என்கின்றன. அஸ்பெஸ்டாஸ் போட்ட மிஷின் அறையின் கதவு திறந்திருந்தது, ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார், இடுப்பில் சாவி. "வாங்க மேடம், உங்க சர்ட்டிபிகேட்ட ஒட்டி வச்சிருக்கறேன் பாருங்" என்றார். கதவின் மேலே, கண் உயரத்தில், கண்ணாடித் தாள் போட்டு ஒட்டிய என் ரிப்போர்ட். அவர் அதை எனக்கே படித்துக் காட்டினார். "இயக்கியவரின் தவறு. அண்ணி பாக்கட்டும்னுதான். இல்லீன்னா ஆர்வக்கோளாறுல கைய வச்சுப்போடுவாங்க." என் கையெழுத்து வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. உள்ளே போனேன், பெட்டியைத் திறந்தேன், பழையதைப் பிடுங்கினேன், டப்பாவைத் திறந்து புதியதைச் செருகினேன், ஸ்விட்சைப் போட்டேன். முப்பத்தேழு புள்ளி நாலு, புள்ளி ஐந்து. ஃபேன் பிடித்துக்கொண்டது, தட்டுகள் முனகிக்கொண்டே ஒரு பக்கம் சாய்ந்தன, எல்லா முட்டையும் ஒன்றாக. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அவ்வளவுதானுங்ளா?" என்று கேட்டுவிட்டு ஆறுச்சாமி உள்பக்கம் தண்ணீர்த் தட்டை நிரப்பப் போனார்.

மயிலாத்தாள் அக்கா ஒரு சொம்பு மோரோடு வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். உள்ளே வரவில்லை. கால் படியைத் தொடாமல், கையை மட்டும் நீட்டிச் சொம்பைக் கொடுத்தாள். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், போனில் கேட்ட குரலைவிட உருவம் பெரியது. "சரியாயிருச்சுங்ளா அம்மணி? நான் தொடவே இல்லீங்" என்றாள். மோர் குளிர்ச்சியாக இருந்தது, குடிக்காமல் படியில் வைத்தேன்.

"அக்கா, நீங்க எதையும் அமுக்கல" என்றேன். குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது, எனக்கே சன்னமாகக் கேட்டது. "அன்னைக்கும் அமுக்கல. நாந்தான் தப்பா வரைஞ்சிட்டேன். ஒரு கால கட்டாம வுட்டுட்டேன். எண்ணூறும் என்னாலதான் போச்சு. இந்தக் கதவுல இருக்கது பொய்யி, நான் எழுதுன பொய்யி."

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தோப்பில் ஒரு மட்டை விழுந்தது.

"பொட்டி மேல கைய வச்சா எந்திரிச்சுக்குதுன்னு சொன்னனே. அது?"

"அதுதான் நெசம். நீங்க சொன்னதுதான் நெசம். நாந்தான் சிரிச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அழவும் இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே, அறைக்குள்ளே, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற ஆறுச்சாமியின் முதுகைப் பார்த்தாள். பிறகு படியைத் தாண்டி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இன்னொருக்காச் சொல்லுங் அம்மணி" என்றாள். "அவருக்குக் கேக்கோணும். சித்த சத்தமா."

சொன்னேன். ஃபேன் இரைச்சலில் அவர் திரும்பவில்லை.

"இன்னும்" என்றாள் அக்கா.